ஊதாரி

ஸ்குவாண்டரர் என்று ஒரு குதிரை. தமிழில் சொன்னால் ஊதாரி. 1973இல் பிறந்தது. 1977இல் பம்பாய் மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பியை வென்றது. மொத்தம் ஓடிய 19 பந்தயங்களில் 18இல் முதலாவதாக வந்தது. பயிற்சி கொடுத்தவர் ரஷீத் பைராம்ஜி, சொந்தக்காரர் ரஞ்சித் பட். இந்த நாட்டில் பிறந்து ஓடிய குதிரைகளில் தலையாயது எது என்று பந்தயக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்தால் இந்தப் பெயர் வந்தே தீரும். தகவலாக எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நான் பந்தயம் கட்டுகிறவன் அல்ல. குதிரையின் முதுகில் ஏறியவனும் அல்ல. மதுரையில் ரேஸ்கோர்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அங்கே இப்போது ஓடுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் சர்க்கரை வியாதிக்காரர்களும்தான்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயர். வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஊதாரி என்ற சொல்லை வாரத்திற்கு இரண்டு தடவையாவது கேட்கிறேன். பெண்கள் புருஷனைப் பற்றிச் சொல்வார்கள், கிழவர்கள் மகனைப் பற்றிச் சொல்வார்கள். தாலிக்கொடி தராசில் இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். அந்தச் சொல்லை ஒரு குதிரைக்கு வைக்கிற மனசு எப்படிப்பட்டது? பணக்காரத்தனத்தின் கிண்டல் என்று தள்ளிவிடலாம். பந்தயக் குதிரைகளின் பெயர்களில் பாதி அப்படிப்பட்டவையே. ஆனால் சில சமயம் பெயர் வைக்கிறவனுக்குத் தெரியாமலே பெயர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மகத்தான ஓட்டம் என்பது சேமிப்பா, செலவா? என் கேள்வி இதுதான். இது குதிரையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோட்டுக் கட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். வாழ்நாளில் ஒரு ரூபாய் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் ரேஸ் புத்தகங்களை வாங்கி, நாளிறுதியில் கணக்கு சரிபார்க்கிற அதே கண்ணோடு படிப்பார். 1977இல் அவருக்குப் பம்பாயில் வேலை. டெர்பி அன்று பொது ஜனம் நிற்கிற பக்கம் போய் நின்றிருக்கிறார். “என்ன சார் பார்த்தீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னால நின்னவன் பிடரியைப் பார்த்தேன் தம்பி. அப்புறம் ஒரே சத்தம். ரெண்டரை நிமிஷம் இருக்குமா? முடிஞ்சுபோச்சு. ஜெயிச்சது எதுன்னு பக்கத்துல இருந்த ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா பார்த்தேன்னுதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டுத் திரியுறேன்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பதிலை நான் வெகுநாள் சுமந்துகொண்டிருந்தேன். 2400 மீட்டர் தூரம், இரண்டரை நிமிஷம். நடந்தது அதற்குள் நடந்து தீர்ந்துவிடுகிறது. நேரில் போனவர்களிலும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கையில் மிஞ்சுவது ஓர் எண், 19க்கு 18. ஓட்டம் எண்ணாக மாறுகிற இடத்தில் கணக்குப்பிள்ளை உள்ளே வருகிறான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். மாதச் சம்பளம் வாங்குகிற அவன் நானேதான்.

கணக்குப்பிள்ளை திறக்கிற முதல் பேரேடு ரத்தம். தரோபிரெட் என்பது காட்டில் உண்டான இனம் அல்ல, ஒரு புத்தகத்தில் உண்டான இனம். 1791இல் லண்டனில் ஜேம்ஸ் வெதர்பி தொகுக்கத் தொடங்கிய வம்சாவளிப் பேரேட்டில் முன்னோர்களின் பெயர் இருந்தால் அந்தக் குதிரை தரோபிரெட். இல்லாவிட்டால் காற்றாகப் பறந்தாலும் அல்ல. ஆண்வழியில் பின்னோக்கிப் போனால் எல்லாம் மூன்று குதிரைகளில் முடிகின்றன: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். இவற்றில் நடுவில் உள்ளது 1704இல் தாமஸ் டார்லி என்பவர் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய குதிரை. இன்றைய ஆண் தரோபிரெட்களில் 100க்கு 95 இதன் நேர் வாரிசுகள் என்கிறார்கள். இன்றும் இந்த இனத்துக்குச் செயற்கைக் கருவூட்டல் கிடையாது. நம் ஊர்க் கிடேரிக்கு மாட்டாஸ்பத்திரி ஊசியே போதும் என்றாகிவிட்ட காலத்தில், இவை மட்டும் நேரில் சேர்ந்தாக வேண்டும். தேதி குறித்து, பதிவு செய்து, சேர்ந்தால்தான் குட்டிக்குப் பெயர். எங்கள் வங்கியில்கூட இவ்வளவு கறார் இல்லை.

டார்லி அரேபியனின் எள்ளுப்பேரன் எக்லிப்ஸ். 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பெயர். 18 பந்தயங்கள் ஓடி 18லும் வென்றது. எதிர்த்து ஓட ஆள் கிடைக்காமல் போனதால் பொலிகுதிரையாக ஓய்வு கொடுத்தார்கள். 1789இல் செத்தபோது செயின்பெல் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் உடலை அறுத்து எலும்பு எலும்பாக அளந்தார். வேகத்தின் ரகசியம் நீள அகலத்தில் எங்கோ இருக்க வேண்டும் என்பது அந்த யுகத்தின் நம்பிக்கை. எலும்புக்கூடு இப்போதும் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியிடம் இருக்கிறது. அதைவிடச் சுவாரஸ்யம், ஒரு காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எக்லிப்ஸுடையவை என்று காட்டப்பட்டுவந்தன என்பது. ஓட்டத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை, எலும்பையாவது வைத்துக்கொள்வோம் என்று ஒவ்வொருவனும் நினைத்திருக்கிறான்.

பேரேட்டுக் குதிரைக்கு நேர் எதிரான ஒரு குதிரை இந்த ஊரில் ஓடியிருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் வருஷா வருஷம் நடித்துக் காட்டுகிறோம். அதனாலேயே அதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டோம். நரி பரியான கதை. பாண்டியனின் மந்திரி வாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன கஜானாப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். குதிரை எங்கே என்று அரசன் கேட்கிறான். சிவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வியாபாரியாக ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிறான். லட்சணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. முறைப்படி கயிறு மாற்றிக் கொடுக்கிறார்கள். கயிறு மாறிய பிறகு சரக்குக்கு விற்றவன் பொறுப்பல்ல. (நான் படித்த புராணங்களில் இவ்வளவு சுத்தமான வியாபார நடைமுறை வேறெங்கும் இல்லை.) ராத்திரி குதிரைகள் நரிகளாகின்றன, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடுகின்றன.

பக்தர்கள் இதில் இறைவனின் கருணையைப் பார்க்கிறார்கள். பகுத்தறிவுக்காரர்கள் மோசடியைப் பார்க்கிறார்கள். எனக்குப் பிரச்சனை வேறு. அன்று பகல் முழுக்க அவை குதிரைகளாகவே இருந்தன. வீதியில் ஓடிக் காட்டின, பார்த்தவர்கள் மெய்மறந்தார்கள். ராத்திரி நரியானது பகலில் ஓடிய ஓட்டத்தை எப்படிப் பொய்யாக்கும்? வம்சாவளிப் பேரேட்டின் தர்க்கப்படி பொய்யாகிவிடும், ஏனென்றால் ரத்தம் நரியின் ரத்தம். பாண்டியனின் கோபமும் தணிக்கைக்காரனின் கோபம்தான். இருப்பு குறைகிறது, கையெழுத்துப் போட்டவன் பதில் சொல்ல வேண்டும். நானும் அந்த நாற்காலியில் இருந்தால் வாதவூரருக்கு மெமோதான் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த மனிதர்தான் மாணிக்கவாசகர். இந்த ஊர்க் கஜானா கண்ட ஊதாரிகளிலேயே பெரிய ஊதாரி ஒரு கவி என்பதும், குதிரைக்கு வைத்திருந்த பணம் போய்த் திருவாசகம் வந்தது என்பதும் கதையில் கண்ணெதிரே இருக்கின்றன. நாம் பேசுவது குறைவு.

சரித்திரம் இதை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடுகிறது. பாண்டியர்களுக்குக் கடல் வழியே குதிரை வந்ததைப் பாரசீகத்து வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் என்ற பெருவியாபாரி ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 தினார், வழியில் செத்தாலும் விலை உண்டு. அந்தப் பணம் அரசின் கஜானாவிலிருந்து போகவில்லை, கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும் கோயிலைச் சேர்ந்த தாசிகள்மேல் போட்ட வரியிலிருந்தும் போனது என்கிறார் அவர். அதாவது புராணத்தில் குதிரைப் பணம் கோயிலுக்குப் போகிறது, வரலாற்றில் கோயில் பணம் குதிரைக்குப் போகிறது. வந்த குதிரைகளின் கதியை மார்கோ போலோ சொல்கிறார். இங்கே குதிரை பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, பொருந்தாத தீனி, லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை வியாபாரிகளே வரவிடுவதில்லை. வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். இதில் ஊதாரி யார், வாதவூரரா பாண்டியனா?

புராணமும் வரலாறும் குதிரையின் விலையைச் சொல்லிவிட்டன. குதிரைக்கு என்ன வேண்டும் என்று இரண்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வந்தாக வேண்டும்.

1975 ஜூலை 6 அன்று நியூயார்க் பெல்மான்ட் பார்க்கில் ரஃபியன் என்ற மூன்று வயதுப் பெண்குதிரை ஓடியது. அதுவரை ஓடிய 10 பந்தயங்களிலும் வென்றிருந்தது, ஒன்றில்கூட யாரும் அதை முந்தவில்லை. அன்று அந்த வருஷத்து கென்டக்கி டெர்பியை வென்ற ஆண்குதிரையோடு தனிப்போட்டி. ஓட்டத்தின் நடுவே முன்கால் எலும்பு நொறுங்கியது. ஜாக்கி இழுத்து நிறுத்தப் பார்த்தார், அது நொறுங்கிய காலோடு ஓடப் பார்த்தது. ராத்திரி அறுவைச் சிகிச்சை செய்து கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிகிறபோது படுத்த நிலையிலேயே கால்களை உதைத்து ஓட ஆரம்பித்தது. கட்டு உடைந்தது, கால் மறுபடி நொறுங்கியது. விடியுமுன் ஊசி போட்டுக் கொன்றார்கள். அது ஓடிய மைதானத்திலேயே புதைத்தார்கள்.

இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பரிதாபம் மட்டும் காரணம் அல்ல. மைதானம் இல்லை, கூட்டம் இல்லை, பரிசு இல்லை, முதுகில் ஜாக்கியும் இல்லை. இருந்தும் அது ஓடுகிறது. வலியிலிருந்து தப்பிக்க உதைத்தது என்று மருத்துவர் சொல்லலாம், அது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் கேள்வி நிற்கிறது. இந்த ஓடும் வெறி யாருடையது? முந்நூறு வருஷமாக ஓடாதவற்றைக் கழித்து, ஓடுகிறவற்றை மட்டும் சேர்த்துச் சேர்த்து, மனிதர்கள் வளர்த்தது வேகமான காலை மட்டும் அல்ல, ஓடியே தீர வேண்டும் என்ற இச்சையையும்தான். இச்சையே உற்பத்திப் பொருள். அப்படியானால் அது குதிரையின் சொந்த இச்சை என்று சொல்ல முடியுமா? முடியாது என்று சொல்லத்தான் முதலில் நாக்கு வருகிறது. அப்படிச் சொல்கிற நாக்குக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. என் அப்பா என்னைப் படி படி என்றார். அவரை அவர் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படி என்றார். எனக்குப் புத்தகத்தின் மேலுள்ள ஆசை யார் வைத்தது? வைத்தது யாராகவும் இருக்கட்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். ஊட்டப்பட்ட இச்சையும் ஓர் எல்லைக்கு மேல் ஊட்டியவனுக்குக் கட்டுப்படாமல் போகிறது. ரஃபியனை நிறுத்த வேண்டும் என்றுதான் அன்று ராத்திரி அத்தனை மனிதர்களும் போராடினார்கள், நிற்கவில்லை. அந்த நிற்காமையில் மனிதனுக்குப் பங்கு இல்லை என்று எனக்குப் படுகிறது. இதைச் சொல்லிப் பந்தயக்காரர்களுக்கு நான் நற்சான்று கொடுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஜீவனுக்குள் நெருப்பை வைத்தவன், அது தானாக எரிந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பதுதான் இதில் சங்கடம்.

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘கோல்ஸ்டோமர்’ கதையில் ஒரு கிழட்டுக் குதிரை, ‘என்னுடைய’ என்று மனிதர்கள் சொல்வது தனக்கு ஏன் விளங்கவில்லை என்று யோசிக்கும். ஷ்க்லோவ்ஸ்கி அதை எடுத்து வைத்துக்கொண்டு பழகியதைப் புதிதாக்கும் உத்தி என்று இலக்கணம் செய்துவிட்டார். நாமும் அந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டோம். உத்திக்கு அடியில் கிடக்கிற விஷயம் உத்தியைவிடப் பெரியது.

நீதிமன்றமும் இதே கேள்வியை வேறு வாசல் வழியாகத் தொட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. வழக்கு இழுத்து இழுத்து 1996 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, பிரதானமாகத் திறமையின் ஆட்டம். யாருடைய திறமை? குதிரையின் உடல்வலு, பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம், இவற்றை எடைபோட்டுப் பணம் கட்டுகிறவனின் அறிவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுகின்றன. கட்டுகிறவன் திறமைசாலியாக இருப்பதற்குக் குதிரையின் கால் ஆதாரம். சூது என்றால் இழிவு, திறமை என்றால் கௌரவம் என்ற பாகுபாட்டை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்குத் தங்கக் குதிரையில் வருகிற அழகருக்கு எந்த நிறப் பட்டு என்பதை, பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். பச்சை வந்தால் அந்த வருஷம் விளைச்சல். லட்சக்கணக்கான ஜனம் வைகையில் நின்று அதற்காகக் காத்திருக்கிறது. தற்செயலுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதை இந்த ஊர் மறக்கவில்லை.

காசாளரிடம் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. 19இல் 18 ஜெயித்தால் அது திறமைதானே சார், அந்த ஒன்று என்ன என்று கேட்டேன். “அந்த ஒண்ணுதான் தம்பி குதிரை. மத்த பதினெட்டும் பைராம்ஜி” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது, நாற்பது வருஷம் பணம் எண்ணிய முகம். கிண்டி மைதானத்தின் கதவுக்கு 2024 செப்டம்பரில் அரசு முத்திரை வைத்த செய்தி வந்த அன்றும் அவர் அதிர்ச்சி காட்டவில்லை. 1945இல் 99 வருஷத்துக்குக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். 160 ஏக்கர். “இதுதான்யா ரேஸ்” என்றார்.

அந்த ஒரு தோல்வியைப் பற்றி யோசித்தால் எனக்கு ‘வாடிவாசல்’ ஞாபகம் வருகிறது. செல்லப்பா 1959இல் எழுதியது, நம் பக்கத்து மண்ணின் கதை. காரி யாருக்கும் அடங்காத காளை, ஜமீன்தாரின் காளை. பிச்சி அதை அணைந்துவிடுகிறான். வெறிபிடித்து ஓடிய காளையை ஜமீன்தார் தன் கையாலேயே சுட்டுவிடுகிறார். காளை தோற்றதாக அது நினைத்ததா? திமிலில் ஒரு மனிதன் தொங்கினான், உதறியும் போகவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தோல்வி ஜமீன்தாருடையது, குண்டு காளைக்கு. நம் விமர்சகர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தை மான உணர்ச்சி, நிலப்பிரபுத்துவம் என்று பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் காளையின் பக்கம் நின்று படித்தால் அந்தக் கதை தாங்க முடியாததாகிவிடுகிறது.

ரத்தப் பேரேட்டுக்கு அடுத்து உறுப்புப் பேரேடு. ஆஸ்திரேலியர்கள் தெய்வமாகக் கொண்டாடுகிற ஃபார் லாப் நியூசிலாந்தில் 1926இல் பிறந்தது. தாய்லாந்து மொழியில் மின்னல் என்று பெயர். 51 ஓட்டம், 37 வெற்றி, 1930இல் மெல்போர்ன் கோப்பை. 1932 ஏப்ரலில் கலிபோர்னியாவில் மர்மமாகச் செத்தது. ரோமத்தைச் சோதித்ததில் சாவதற்கு முன் பெருமளவு ஆர்சனிக் உடலில் ஏறியிருந்தது தெரியவந்தது. தோல் பாடம் செய்யப்பட்டு மெல்போர்னில், எலும்புக்கூடு வெலிங்டனில், இதயம் கான்பெராவில். இதயம் ஆறு கிலோவுக்கு மேல். ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் செக்ரடேரியட், 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளம் முந்தி வென்றது, 1989இல் செத்தபோது அறுத்துப் பார்த்த மருத்துவர் அதன் இதயம் 22 பவுண்டு இருக்கும் என்றார். அவர் அதை எடை போடவில்லை, கண்மதிப்பு. நகை மதிப்பீட்டாளர் கண்மதிப்பில் எழுதினால் நாங்கள் கடன் கொடுக்க மாட்டோம். அந்த 22 பவுண்டு மட்டும் உலகமெல்லாம் செல்லுபடியாகிறது. இருக்கிற இடத்தில் தேடிக் கிடைக்காததற்கு எடை வேண்டியிருக்கிறது.

ஃபார் லாப் காயடிக்கப்பட்ட குதிரை. வாரிசு இல்லை. செக்ரடேரியட்டுக்கு நூற்றுக்கணக்கில் வாரிசுகள். அவற்றில் நல்ல குதிரைகள் உண்டு, பெண்குட்டிகள் வழியாகப் பேரர்கள் பெயர் எடுத்தார்கள், ஆனால் இன்னொரு செக்ரடேரியட் வரவில்லை. கோடிக்கணக்கில் பங்கு போட்டு வாங்கியவர்கள் எதிர்பார்த்தது அந்த இன்னொன்றைத்தான்.

இந்த இடத்தில் நான் நம் வீட்டுக்குள் வருகிறேன். புதுமைப்பித்தன் 1948இல் செத்தார். அன்றிலிருந்து அவருக்கு வாரிசு தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னார் புதுமைப்பித்தன் வழி, இன்னார் மௌனி வழி, இவர் இரண்டு ரத்தமும் கலந்தவர் என்று சிறு பத்திரிகை விமர்சனத்தில் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, கவிதைகளில் பாதியை அவருடைய முன்னோர் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே செலவழித்தேன். அந்தக் கவிஞர் எனக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். ‘என் தாத்தாக்களைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று ஒரே வரி. நான் பதில் போடவில்லை. இந்தக் கட்டுரையின் விதை அந்த அட்டை என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவர் கவிதையில் ஓர் ஓட்டம் நடந்திருக்கலாம், இரண்டரை நிமிஷம். நான் முன்னால் நின்றவன் பிடரியைப் பார்த்துவிட்டு, ஜெயித்தது எது என்று பக்கத்து ஆளைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மரபு என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. எலியட்டைப் படித்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. டார்லி அரேபியன் இல்லாமல் எக்லிப்ஸ் இல்லை. ஆனால் எக்லிப்ஸ் ஓடியபோது டார்லி அரேபியன் ஓடவில்லை. பரம்பரை ஒரு காலை விளக்கும், அந்தக் கால் ஒரு பிற்பகலில் செய்ததை விளக்காது. செல்லப்பா தன் புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றார். அந்த நடைக்கு என்ன வம்சாவளி? கணக்குப் பார்த்தால் நஷ்டம். ‘எழுத்து’ 1970இல் நின்றது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சிறு பத்திரிகையும் தன்னை அதன் வாரிசு என்று சொல்லிக்கொள்வதும் நாலைந்து இதழில் நிற்பதும் தொடர்ந்து நடக்கிறது. வாரிசு என்று சொல்லிக்கொள்ளாமலே நின்றுபோனவற்றையும் எண்ணினால் நல்லது.

போன வருஷம் நாகமலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் புரவி எடுப்பு பார்க்கப் போனேன். அய்யனாருக்கு மண் குதிரை. ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுத்துச் சொல்லிவிட, அவர் மாதக்கணக்கில் உழைத்து ஆள் உயரத்துக்கு மேல் குதிரைகள் செய்து வைத்திருந்தார். கால்களைத் தனியாக, உடம்பைத் தனியாக எழுப்பி, சேர்த்துச் சுட்டு, வெள்ளை அடித்து, சேணம் தீட்டி. எடுப்பு அன்று கண் திறந்து மாலை போட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரு குதிரையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரை ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அந்த ஒரு மைல்தான் அந்தக் குதிரையின் ஓட்டம், அதுவும் மனிதர்களின் காலில். கோயிலில் இறக்கி வைத்தபின் அதை யாரும் தொடுவதில்லை.

பின்னால் போய்ப் பார்த்தேன். பழைய குதிரைகள் வரிசையாக நின்றன. காது போனது, முன்கால் போனது, வயிற்றில் ஓட்டை விழுந்து உள்ளே ஓணான் குடியிருப்பது. சில வெறும் ஓட்டுக் குவியல். அதன் மேல் நெருஞ்சி. வேளார் பீடி பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். இவற்றையெல்லாம் செப்பம் செய்ய மாட்டீர்களா என்று கேட்டேன்.

“எதுக்குங்க?” என்றார். “அது அந்த வருசத்துக் குதிரை.”

இது உங்கள் அப்பா செய்ததா என்று கால் போன ஒன்றைக் காட்டிக் கேட்டேன். இருக்கலாம், சித்தப்பா செய்ததாகவும் இருக்கலாம் என்றார். பெயர் ஏதும் எழுதுவதில்லை. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அடுத்த எடுப்புக்குக் கை கொடுக்க வருவானா என்று கேட்டதற்கு, வந்தால் வருவான் என்றார்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன் என்று கூட வந்த நண்பர் சொல்லிவிட்டார். வேளாரின் முகம் மாறியது. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்கத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை முறை நடந்தார் என்பதைச் சொன்னார். சூளைக்கு மேலே தகரம் போட வேண்டும், போன மழையில் பாதி வேலை கரைந்துவிட்டது. “லோன் ஏதாச்சும் கிடைக்குமா தம்பி?” என்றார். என்ன ஈடு கொடுக்க முடியும் என்று நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சம்சாரத்திடம் ஒன்றரைப் பவுனில் ஒரு தோடு இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.